2009 ஆம்னி கார்கோ: ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு ராக்கையே மாற்றணுமா?

மீன்வண்டி_தேவனாம்பட்டினம்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2009 மாடல் ஆம்னி கார்கோ, பெட்ரோல். அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து நான் ஓட்டுகிறேன். விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றி, மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் போய்ப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறக்குவேன். போகும்போது ஐஸ் பெட்டியோடு நல்ல லோடு. வரும்போது காலி.

இப்போது வண்டி நேராகப் போக மாட்டேன் என்கிறது. 50-க்கு மேல் போனால் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருத்திக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. எதிரில் பஸ் கடந்தால் அந்தக் காற்றுக்கே ஒதுங்குகிறது. நிற்கும்போது ஸ்டீயரிங்கை மெல்ல அசைத்துப் பார்த்தால் இரண்டு விரற்கடை தூரம் சும்மா போகிறது, அப்புறம்தான் சக்கரம் அசைகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முன்னால் இடதுபக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். இடது முன்டயரின் உள்விளிம்பு வேகமாகத் தேய்கிறது. டயரை உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பாக இருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே தடவினால் கையில் குத்துகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்தபோது வண்டி ஆல்பேட்டைப் பக்கம் சித்தப்பா வீட்டில் நின்றது. பாதிச் சக்கரம் வரை தண்ணீர். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேக் மட்டும் பிரித்துச் சுத்தம் செய்தோம்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு பட்டறையில், ‘ஸ்டீயரிங் பாக்ஸ் போயிடுச்சு, மொத்தமா மாத்தணும், 9,000 ஆகும்’ என்றார்கள். ராக்கைத்தான் சொல்கிறார்கள், ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பக்கவாட்டில் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் பல்சட்டம். இன்னொரு இடத்தில் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) போதும் என்று சொல்லிச் செய்தும் கொடுத்தார்கள். கொஞ்ச நாள்தான் நின்றது, பிறகு பழையபடிதான். மூன்றாவதாக ஒருவர், பால் ஜாயிண்டை (சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு) கழற்றி அழுத்தி, மேலே வெல்டிங் பொட்டு வைத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும், 600 ரூபாய் கொடுங்கள் போதும் என்கிறார். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) வேறு வருகிறது. எதை நம்பிச் செலவு செய்வது? வண்டி நின்றால் அன்றைக்கு வியாபாரம் இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

அரியாங்குப்பம்_டிராவல்ஸ்:

அக்கா, நானும் ஆம்னி வைத்திருந்தேன். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தாலே வண்டி இழுக்கும். லோடு வண்டி என்பதால் பின்சக்கரத்தையும் பாருங்கள். அப்புறம், ராக்கின் அடியில் ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் நட் இருக்கும். அதைக் கால் சுற்று டைட் வைத்தால் ஆட்டம் குறையும். எனக்குத் தெரிந்த டிரைவர்கள் பலர் இதைத்தான் செய்வார்கள். செலவே இல்லை.

முதலியார்பேட்டை_பட்டறை:

தங்கச்சி, யார் என்ன சொன்னாலும் சரி, ஆட்டம் எந்த ஜாயிண்டில் இருக்கிறது என்று உங்கள் விரல் சொல்லாத வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். முன்சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் அசையக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த அரை மணி நேரம் கீழே படுக்காமல் ‘பாக்ஸ் போயிடுச்சு’ என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அரியாங்குப்பம் தம்பி சொன்னதற்குப் பதில். காற்றைப் பற்றிச் சொன்னது சரி, கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து வையுங்கள். ஆனால் ராக் அட்ஜஸ்ட்மெண்டைத் தொடாதீர்கள். அந்த நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு தாங்கியும் இருக்கின்றன. ராக் பல்லைப் பினியன் (ஸ்டீயரிங் தண்டின் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) பல்லோடு அழுத்தி வைப்பதுதான் அதன் வேலை. நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நேர் ரோடு, அதனால் ராக்கின் நடுப்பல்தான் அதிகம் தேயும். இரண்டு ஓரத்துப் பல்லும் கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். நடுவில் இருக்கும் ஆட்டத்தை எடுக்க இறுக்கினால் ஓரத்துக்குப் போகும்போது பிடிக்கும். வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அரியாங்குப்பம் பாலம் இறங்கி வளைக்கும்போது அப்படிப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராக்கில்தான் ஆட்டம் என்று உறுதியான பிறகு, அளவு தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை அது.

இப்போது சோதனை. உதவிக்கு ஒருவர் வேண்டும், அப்பா உட்கார்ந்தால் போதும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஆட்டம் இருக்கும் அந்த இரண்டு விரற்கடைக்குள்ளேயே இடம், வலம் என்று அசைத்துக்கொண்டே இருக்கணும். சக்கரம் திரும்பும் அளவுக்குப் போகவேண்டாம். ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிதான் டை ராடு. நீங்கள் கீழே படுத்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் அதன் முனையில் இருக்கும் ஜாயிண்டில், அதாவது டை ராடு எண்டில் கை வையுங்கள். விரலின் பாதி டை ராடு எண்டின் தலைமேலும் மீதிப் பாதி நக்கிள் காதின்மேலும் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் இரும்பின் நீட்டிய பகுதி) படணும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் அந்த ஜாயிண்ட் நல்லது. தலை முன்னே போய், ஒரு கணம் கழித்துக் காது அசைந்தால் நடுவில் ஒரு சின்ன ‘டிக்’ விரலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்காது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு பக்கமும் பார்த்த பிறகு ராக்கின் இரு முனையிலும் இருக்கும் மடிப்பு ரப்பருக்கு வாருங்கள். அதற்குள்தான் உள்பக்க ஜாயிண்ட் இருக்கிறது, நாங்கள் ராக் எண்ட் என்போம். ரப்பரை விரலால் அமுக்கி உள்ளே இருக்கும் உருண்டையைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி அசைக்கச் சொல்லுங்கள். அடுத்தது ராக்கை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்பும் அதன் ரப்பரும். ராக் மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் ரப்பர் போய்விட்டது, அல்லது போல்ட் லூஸ். கடைசியாக ஸ்டீயரிங் ராடு கீழே வந்து ராக்கில் சேரும் ஜாயிண்ட். அங்கே ஒரு போல்ட் லூசாக இருந்ததற்கு முழு ராக்கையும் மாற்றிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒன்று வீல் பேரிங், இல்லை லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கை) பால் ஜாயிண்ட். எது என்று தெரிய அப்பாவைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு பக்கம். டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பும்போது பால் ஜாயிண்டையே பார்த்துக்கொண்டிருங்கள். இடைவெளி திறந்து மூடினால் வேறு சோதனையே வேண்டாம்.

நீங்கள் டயரைப் பற்றிச் சொன்னது ரொம்ப உதவி. உள்ளிருந்து வெளியே வழவழப்பு, திரும்பி வரும்போது குத்தல் என்றால் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து ஓடுகின்றன. ஆம்னியில் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. முன்சக்கரத்தை ரோடு பின்னால் இழுக்கிறது. ஜாயிண்டில் தேய்மானம் இருந்தால் அந்த இழுப்புக்குச் சக்கரம் விரிந்துகொடுக்கும். அதனால்தான் அலைன்மெண்ட் நிற்கவில்லை. லூசாக இருக்கும் ஜாயிண்டை வைத்துக்கொண்டு அளவு பார்த்தால் நிற்கும்போது ஒரு அளவு, ஓடும்போது வேறு அளவு.

அந்த வெல்டிங் பொட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். பால் ஜாயிண்டில் தேய்வது உருண்டையும் அது உட்காரும் கிண்ணமும். மேல்மூடியை அழுத்தினால் இரண்டு நாள் இறுக்கமாக இருக்கும், தேய்ந்த உருண்டை தேய்ந்ததுதான். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உருகும், கிரீஸ் எரியும், இரும்பின் பதமும் போகும். அது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஆம்னியில் டிரைவருக்கு முன்னால் பானெட் கிடையாது. உங்கள் முட்டிக்கு முன்னால் இருப்பது ஒரு தகடு. 600 ரூபாய்க்காக அந்த வண்டியில் நீங்கள் உட்காரக் கூடாது தங்கச்சி. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மீன்வண்டி_தேவனாம்பட்டினம்:

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, அவரை உட்காரவைத்துப் பார்த்தேன்.

இடது டை ராடு எண்டில் அந்த ‘டிக்’ தெளிவாகத் தெரிகிறது. ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே கிரீசுக்குப் பதிலாகச் செம்மண் நிறத்தில் ஏதோ இருக்கிறது. வலது பக்கம் ரப்பர் வெடித்திருக்கிறது, ஆட்டம் லேசாகத் தெரிந்தது. ராக் ரப்பருக்குள் அமுக்கிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை. கிளாம்பும் கீழ் ஜாயிண்டும் கெட்டியாக இருக்கின்றன. ராக் ரப்பர் வலதுபக்கம் கிளிப் இல்லாமல் கம்பியால் கட்டியிருக்கிறது.

தூக்கிப் பார்த்தபோது இடது சக்கரம் மேல் கீழாக ஆடியது. அப்பா பிரேக்கைப் பிடித்த பிறகும் ஆடியது. கடப்பாரையால் நெம்பினால் பால் ஜாயிண்டில் இடைவெளி திறந்து மூடுவது கண்ணாலேயே தெரிகிறது. அப்பா இறங்கி வந்து பார்த்துவிட்டு, ‘இதை வெச்சிக்கிட்டா பாண்டி வரைக்கும் போயிட்டு வந்தே’ என்றார். வலது சக்கரத்தில் மேல் கீழ் ஆட்டம் இல்லை.

ராக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்தப் பாகங்களை நானும் அப்பாவுமே மாற்ற முடியுமா? பழைய வண்டி, பாகம் கிடைக்குமா?

முதலியார்பேட்டை_பட்டறை:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். ராக்கைத் தொடவேண்டாம். அந்த 9,000 மிச்சம்.

முதலில் ஒன்று. அந்த இடது பால் ஜாயிண்டோடு இனி லோடு ஏற்றாதீர்கள். மாற்றும் வரை யாராவது ஒருவர் வண்டியில் மீனை அனுப்புங்கள்.

மாற்றவேண்டியது: டை ராடு எண்ட் இரண்டு பக்கமும், இடது லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டோடு சேர்த்து, வலது ராக் ரப்பர் கிளிப்போடு. டை ராடு எண்ட் வலதில் லேசாகத்தானே ஆடுகிறது, அதை விடலாமே என்று கேட்பீர்கள். ரப்பர் வெடித்துவிட்டது, அதே வெள்ளம், அதே உப்பு. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போகும். அப்போது மறுபடி அலைன்மெண்டுக்குக் காசு கொடுக்கணும். வலது ஆர்மின் ரப்பர் மூடி கிழியாமல் இருந்தால் இப்போதைக்கு ஓடட்டும். மூடி கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டாலும் பாகத்துக்குப் பஞ்சம் இல்லை, ஊரில் ஓடும் வண்டி அவ்வளவு. மாருதியின் சொந்தப் பாகம் வாங்குங்கள், இல்லையென்றால் ராணே போல வண்டிக் கம்பெனிகளுக்கே ஸ்டீயரிங் பாகம் செய்து கொடுப்பவர்களுடையதை வாங்குங்கள். பெயரில்லாத டப்பாவில் பாதி விலைக்குக் கொடுப்பதைத் தொடாதீர்கள், அதில் முதலில் போவது ரப்பர், பிறகு உருண்டை. ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். முடிந்தால் பழைய பாகத்தையே கொண்டுபோய் மரையையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புது டை ராடு எண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், உருண்டை கடினமாக, ஒரே சீராக அசையணும். சுலபமாகத் தொங்கிவிழுந்தால் வேறு கேளுங்கள்.

டை ராடு எண்ட் நீங்களே மாற்றலாம். முந்தின நாள் ராத்திரியே லாக் நட்டிலும் (டை ராடு எண்ட் சுற்றிவிடாமல் பிடிக்கும் நட்) மரையிலும் டபிள்யூ.டி. 40 அடித்து ஊறவிடுங்கள். மீன் தண்ணீர் பட்ட வண்டியில் அது இல்லாமல் நகராது. கேஸ் வைத்துச் சூடேற்றாதீர்கள், பக்கத்திலேயே ராக் ரப்பர் இருக்கிறது. மறுநாள் வண்டியைத் தூக்குமுன் வீல் நட்டைத் தளர்த்தி, பிறகு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். எதையும் அவிழ்க்குமுன் லாக் நட்டின் முகத்திலிருந்து உருண்டைத் தண்டின் மையம் வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் நீளத்தில் கொஞ்சம் மாறலாம், அதனால் சுற்று எண்ணுவதை மட்டும் நம்பக் கூடாது. அளவும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும்.

லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஸ்பிளிட் பின்னை (நட் கழலாமல் குறுக்கே போட்டு மடக்கியிருக்கும் கம்பி) நேராக்கி உருவிவிட்டு, அது போக வெட்டு உள்ள கேசில் நட்டைக் கழற்றுங்கள். தண்டு சேர்ந்து சுற்றினால் அடியில் ஜாக்கியை லேசாக அழுத்திக் கொடுங்கள், தண்டின் கூம்பு துளைக்குள் பிடித்துக்கொள்ளும். பிறகு புல்லர் போட்டு இழுக்கணும். வாடகைக்கே புல்லர் கிடைக்கும். கிடைக்காவிட்டால், நட்டை மரை முனையோடு சமமாக விட்டுவிட்டு, நக்கிள் காதின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அடி காதின்மேல் விழணும், தண்டின்மேல் விழக்கூடாது. கூம்பு ‘டொக்’ என்று விடும். அப்புறம் எண்ட்டைச் சுற்றிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள்.

புதியதை அதே அளவுக்குச் சுற்றி ஏற்றுங்கள். நக்கிளின் கூம்புத் துளையை உலர்ந்த துணியால் துடையுங்கள், அங்கே கிரீஸ் தடவாதீர்கள். புது நட், புது ஸ்பிளிட் பின். இறுக்கிய பிறகு பின் போகும் துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கணும், தளர்த்தி நேராக்கக் கூடாது. இதை என் பட்டறைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆர்ம் வேலை கொஞ்சம் பெரியது. முன்பு செய்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பட்டறைக்குக் கொண்டுபோய் நீங்கள் கூடவே நில்லுங்கள். இரண்டு விஷயம் கவனிக்கச் சொல்லுங்கள். ஆர்மைக் கழற்றியதும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) தொங்கிப் பிரேக் ஹோஸ் இழுபடும், அதனால் ஹப்பைக் கம்பியால் மேலே கட்டணும். புது ஆர்மின் புஷ் (ஆர்ம் பாடியோடு சேரும் இடத்து ரப்பர்) போல்ட்டை அந்தரத்தில் முழுசாக இறுக்கக் கூடாது. கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி இறுக்கம். அந்தரத்தில் இறுக்கினால் வண்டி இறங்கும்போது புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் வேலை இது.

வலது ராக் ரப்பரை மாற்றும்போது ராக் எண்டைச் சுத்தமாகத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். டை ராடு எண்ட் கழன்றிருக்கும்போதே அந்த ரப்பரை மாற்றினால் தனிவேலை இல்லை.

வில்லியனூர்_அலைன்மெண்ட்:

அண்ணன் எழுதியதில் ஒன்று சேர்க்கிறேன். எல்லாம் மாற்றிவிட்டு அலைன்மெண்டுக்கு வரும் வழியிலேயே டயர் தேயாமல் இருக்க, கிளம்புமுன் வீட்டிலேயே டோ (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்வாங்கியோ விரிந்தோ நிற்கும் அளவு) பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியை ஒரு வண்டி நீளம் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் தள்ளக் கூடாது, ஜாயிண்டுகள் ஓடும் நிலையில் உட்காரணும். முன்சக்கரம் இரண்டிலும் டயரின் நடுவே, முன்பக்கம், ஹப் உயரத்தில் சாக்பீஸ் தடவி அதன்மேல் ஆணியால் ஒரு மெல்லிய கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் டேப் பிடித்து அளவு எழுதுங்கள். இப்போது வண்டியை மெல்ல முன்னால் தள்ளி, அதே கோடுகள் சக்கரத்தின் பின்பக்கம், அதே உயரத்துக்கு வரும்போது நிறுத்தி மறுபடி அளங்கள். அதே கோட்டையே இரண்டு முறையும் அளப்பதால் டயர் கோணலாக இருந்தாலும் கணக்கில் வராது. முன் அளவு பின் அளவைவிடப் பொடிக் குறைவாக இருக்கணும், அதாவது லேசாக உள்வாங்கி. முன்னால் கூடுதலாக இருந்தால் இன்னும் விரிந்துதான் இருக்கிறது. அப்போது இரண்டு டை ராடையும் சமமாகச் சுற்றித் திருத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் சுற்றினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

இது மெஷினுக்குப் பதில் ஆகாது, மெஷின் வரைக்கும் வந்துசேரத்தான். ஆம்னியில் முன்பக்கம் திருத்தக்கூடியது டோ மட்டும்தான். கேம்பர் (சக்கரம் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) திருத்துகிறேன் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் எங்கே எந்த போல்ட்டில் என்று கேளுங்கள். நான்கு டயரிலும் சரியான காற்று இருக்கட்டும், மீன் பெட்டியை இறக்கிவிட்டு வாருங்கள். மெஷினில் ஏற்றியதும் அந்த ஆள் முதலில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்க்காமல் நேரே அளவெடுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அரியாங்குப்பம்_டிராவல்ஸ்:

முதலியார்பேட்டை அண்ணா, ராக் நடுவில் தேயும் என்பது எனக்குப் புது விஷயம். ஒரு சந்தேகம். அப்படியானால் ராக் உண்மையிலேயே தேய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலியார்பேட்டை_பட்டறை:

மற்ற ஜாயிண்ட் எல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகு, தம்பி. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஆட்டம், முழுசாக ஒரு பக்கம் ஒடித்துவைத்தால் ஆட்டம் இல்லை என்றால் ராக்கின் நடுப்பல் போயிருக்கிறது. அதோடு, கீழே கை வைத்தால் பினியன் தண்டு அசைந்தும் டை ராடு அசையத் தாமதமாகும். ராக் ரப்பருக்குள் தண்ணீர் போய்ப் பல் துருப்பிடித்திருந்தால் திருப்பும்போது நறநறவென்று கைக்குத் தெரியும். அந்த நிலைக்கு வந்தால் புது ராக்தான்.

மீன்வண்டி_தேவனாம்பட்டினம்:

வேலை முடிந்தது. எழுதாமல் விட மனசு வரவில்லை.

பாகங்கள் புதுச்சேரியிலேயே கிடைத்தன. டை ராடு எண்ட் இரண்டையும் வீட்டு வாசலில் நானும் அப்பாவும் மாற்றினோம். வலதுபக்கம் சுலபமாக வந்தது. இடது லாக் நட் ஒரு ராத்திரி ஊறியும் அசையவில்லை, மறுபடி எண்ணெய் அடித்து அன்று சாயங்காலம்தான் நகர்ந்தது. கழற்றிய இடது எண்டின் உருண்டையை விரலால் அசைத்தபோது தண்டு தானாகவே தொங்கியது, உள்ளே மணல்போலத் துரு உதிர்ந்தது. புதியதைக் கையில் பிடித்தால் கட்டைவிரலால் அழுத்தித்தான் நகர்த்த முடிகிறது. இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் நீங்கள் அவ்வளவு அழுத்திச் சொன்னது ஏன் என்று புரிந்தது.

ஆர்ம் வேலைக்கு ஆல்பேட்டையில் ஒருவரிடம் போனேன். வலது ஆர்மின் மூடியும் கிழிந்திருந்ததால் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அவர் அந்தரத்திலேயே புஷ் போல்ட்டை இறுக்கப் போனார். ‘அண்ணா, வண்டியைக் கீழே இறக்கிவிட்டு இறுக்குங்க’ என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் அப்படியே செய்தார். சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்ததில் முன்னால் விரிந்திருந்தது, இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றித் திருத்திக்கொண்டு அலைன்மெண்டுக்குப் போனேன். மெஷினில் கொஞ்சம்தான் மாற்றவேண்டியிருந்தது.

இன்று காலை லோடோடு போய்வந்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலே நேராகப் போகிறது. எதிரில் பஸ் வந்தால் வண்டி தன் பாட்டுக்கு நிற்கிறது. ‘டக் டக்’ சத்தம் இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த உப்புத் தண்ணீரில் புது ரப்பரும் சீக்கிரம் போய்விடுமா? என்ன செய்து காப்பாற்றுவது?

முதலியார்பேட்டை_பட்டறை:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

ரப்பரை உப்பு தின்னாது. வெயிலும் எண்ணெயும்தான் தின்னும். உப்பு தின்பது ரப்பர் கிழிந்த பிறகு உள்ளே இருக்கும் உருண்டையை. ஆகவே முதல் வேலை, ஐஸ் தண்ணீர் கீழே ஒழுகாமல் பார்ப்பது. பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து, ஒரு குழாய் மாட்டி, தண்ணீரை வண்டிக்குப் பின்னால் வெளியே விடுங்கள். இப்போது அது தரை ஓட்டை வழியாக நேரே ஆர்ம்மேலும் சேசிஸ்மேலும்தான் சொட்டுகிறது. மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் முன்சக்கரங்களின் உள்பக்கத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், குழாய்த் தண்ணீர் போதும். பிரஷர் வாஷ் விடும்போது ரப்பர் மூடிக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள், ஓரத்தில் தண்ணீர் உள்ளே ஏறும். ரப்பர்மேல் டீசலோ, கழிவு ஆயிலோ தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அது ரப்பரை ஊதவைத்துக் கிழிக்கும். வெளியே தெரியும் மரையிலும் லாக் நட்டிலும் மட்டும் கிரீஸ் தடவி வையுங்கள், அடுத்த முறை கழற்றும்போது கை கும்பிடுவீர்கள்.

எஃப்.சி. கேட்டிருந்தீர்கள். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பு அப்பாவை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து அதே விரல் சோதனையைச் செய்துவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் நின்றதால் வீல் பேரிங்கையும் ஒரு முறை கழற்றிக் கிரீஸ் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

500 கிலோமீட்டர் ஓடியதும் டை ராடு லாக் நட் இரண்டையும், ஆர்ம் போல்ட்டுகளையும் ஒரு தடவை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ஸ்பிளிட் பின் இரண்டும் மடக்கினபடியே இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.